மோஸி வளைவில் திரும்பியபோது

கான்செப்டா லூபியின் நாய் மோஸிக்குப் போன வருடம் நாய்ப் பந்தயத்தில், முதல் வளைவிலேயே பின்னங்கால் முறிந்தது. கால் கூடிவிடும். ஆனால் அடிபட்ட வளைவை நாய் மறக்காது, அங்கே வந்ததும் தயங்கும் என்பார்கள் எங்கள் திப்பரெரி ஊரில். தயங்கிவிட்டால் அதற்கப்புறம் பந்தயமே கிடையாது. பதினோரு மாதம் கழித்து, ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, வெயில் இறங்காத சாயங்காலத்தில் மோஸி மறுபடி ஓட வந்தது. முதுகில் மூன்றாம் எண் போட்ட வெள்ளைச் சட்டை.

"ஜெயிச்சாச்சுன்னு நினைச்சுப் பணம் கட்டுங்க, போதும்" என்று கான்செப்டா வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். ஊரும் ஒருத்தர் பாக்கியில்லாமல் மோஸி மேல் கட்டியது. பைத்தியக்கார ஊர்! தோற்றவர்கள் பணத்தைத்தானே ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும்? எல்லோரும் ஒரே நாய் மேல் கட்டினால் ஜெயித்தாலும் போட்ட காசுதான் கைக்கு வரும். இதை நான் தொண்டை வற்றக் கத்தினேன்.

"உன் மூஞ்சியப் பாத்தா எந்த நாய்க்குடா ஓடத் தோணும், மாலகி?" என்றாள் கான்செப்டா. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. யாருக்கும் தெரியாமல் போய் ஐந்தாம் எண், ஆரஞ்சுச் சட்டை நாய் மேல் பத்து யூரோ கட்டிவிட்டு, சீட்டைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டேன்.

நாய்கள் துரத்துவதற்கான பொம்மை முயல் தண்டவாளத்தில் கடகடவென்று ஓடிவந்தது. நாய்க் கூண்டுகளின் கதவுகள் திறந்தன. மோஸி மூன்றாவதாக அந்த வளைவை நெருங்கியது. கான்செப்டா என் கையைப் பிடித்தாள்.

மோஸி தயங்கவில்லை. காதுகளை ஒடுக்கிக்கொண்டு, உடம்பை உள்பக்கம் சாய்த்து, முறிந்த அதே காலை மண்ணில் ஊன்றித் திரும்பியது. பயம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாதது போலிருந்தது. முப்பது வருடமாக நாய் ஓடுவதைப் பார்க்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்லத் தோன்றுகிறது.

"ஓடு மோஸி! ஓடுறா கண்ணா!" என்று கத்திக்கொண்டிருந்தது நான்தான்.

கடைசியில் ஆரஞ்சுச் சட்டை ஒரு தலை வித்தியாசத்தில் முந்தியது. மோஸி இரண்டாவது. மொத்த ஊரும் தோற்றுவிட்டுக் கட்டிப்பிடித்துக் குதித்தது. கான்செப்டா அழுதுகொண்டே சிரித்தாள்.

"உனக்கு எவ்வளவுடா போச்சு?"

பொய் சொல்ல வரவில்லை. தொப்பியைக் கழற்றிச் சீட்டை நீட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அஞ்சாம் நம்பரா? அப்புறம் எதுக்குடா மோஸி மோஸின்னு தொண்ட கிழியக் கத்துன?"

"தெரியல. அவன் திரும்பினப்ப இந்தச் சீட்டு மறந்தே போச்சு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போ, போய்க் காச வாங்கிட்டு வா. ஊருக்கே உருளைக்கிழங்கு வறுவல் உன் செலவு."

பணம் கொடுக்கும் ஜன்னலில் நான் ஒருவன்தான் நின்றேன். அந்தப் பக்கம் தோற்றவர்கள் எல்லோரும் மோஸியைச் சூழ்ந்துகொண்டு, ஆளாளுக்கு அந்தக் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம் எண்ணும்மா" என்றேன் ஜன்னல்காரியிடம். "நானும் அங்க போகணும்."