நாற்பத்தோராம் வாளி

ஒரு சட்டைக்குக் காலர் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம். தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தபோது, வாசலோர நாற்காலி காலியாக இருந்தது.

"அத்தை?"

குளியலறையில் இல்லை, அடுக்களையில் இல்லை. கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தாள். வாசல் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. துணி கொடுக்க வந்தவரை அனுப்பிவிட்டுத் தாழ்ப்பாள் போட மறந்திருக்கிறாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் தெருவில் ஓடினாள்.

இந்த ஊருக்கு அவர்கள் வந்து ஏழு மாதம் ஆகிறது. கணவனுக்குக் கப்பலில் வேலை. கிளம்பும்போது, "அம்மாவைப் பாத்துக்க" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். சொல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்வாள். வயிற்றுப் பிள்ளை தங்காமல் போன அந்த மாதம் முழுக்க, ஒரு கேள்வி கேட்காமல் தினமும் அவளுக்குத் தலைவாரிவிட்டது அத்தைதான். அந்த அத்தைக்கு இப்போது இன்று செவ்வாயா வெள்ளியா என்பது தெரியாது. சில நாள் மருமகளின் பெயரும் தெரியாது.

இது நாத்தனாருக்கும் தெரியும். "உன்னால முடியலைன்னா சொல்லிடு, எங்கேயாவது விடுதியில சேர்த்துடலாம்" என்று போனுக்குப் போன் அதே பல்லவி. தான் திணறுவது ஊர் வாயில் விழுந்தால் நாத்தனார் காதில் விழ எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கடைசியாக வருவாள். கடைசி பெஞ்சில் அத்தையைச் சுவரோரமாக உட்காரவைப்பாள். முடிவுப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்போது, இருவரும் பூனை போல வெளியேறிவிடுவார்கள். யாரோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வாய்க்கால் கரை வரை ஓடினாள். தண்ணீர் இரண்டு ஆள் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் காலடித் தடம் எதுவும் இல்லை. அதில் ஓர் ஆறுதல். பஸ் நிற்கும் இடம், மரக்கடை, ஷட்டர் போட்டிருந்த ரொட்டிக்கடை, எங்கும் இல்லை. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தபோது அவளுக்கு உயிரே போய்வந்தது. கடைசியில் கால்கள் தாமாகவே சர்ச் வாசலில் கொண்டுவந்து நிறுத்தின.

ஞாயிற்றுக்கிழமை தவிர அந்த வாசலை அவள் மிதித்ததில்லை. செவ்வாய்க்கிழமையில் அது வேறு உலகமாக இருந்தது. முகப்பில் நாற்காலி போட்டு முடிதிருத்துகிறவர் ஒருவருக்குப் பாதி முகம் மழித்திருந்தார். பக்கத்து ஹாலில் நர்ஸ் குழந்தைகளுக்கு எடை பார்க்க, வரிசையாக அழுகை. ஜன்னலோரம் இரண்டு பேர் ஒரே செய்தித்தாளைப் பிய்க்காத குறையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் துடைப்பத்தோடு மணியக்கா. சர்ச்சைப் பெருக்குவதும் மணியடிப்பதும் அவள் வேலை. அவளுடைய சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும்.

"என்னம்மா, ஒரு கால்ல செருப்பைக் காணோம்?"

"அக்கா... எங்க அத்தை... காணோம்க்கா..."

மணியக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "எவ்வளவு நேரமா?"

"அரை மணி இருக்கும். வாய்க்கால் பக்கம்கூட..."

அதற்கு மேல் மணியக்கா கேட்கவில்லை. கோபுரத்துக்குள் போய்க் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள்.

அந்த ஊரில் பூசை நேரம் தவிர மணியடித்தால் ஒரே அர்த்தம்தான்: நெருப்பு. பல வருடத்துக்கு முன் தச்சரின் பட்டறை எரிந்தபோது, எங்கே, எப்படி, யார் வீடு என்று கேட்டுக்கேட்டே பட்டறை சாம்பலாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு சட்டம்: மணி கேட்டால் முதலில் வாளி, அப்புறம்தான் கேள்வி. சர்ச்சின் பக்கச் சுவரில் வரிசையாக ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் வீட்டு எண் எழுதிய ஒரு வாளி. மொத்தம் நாற்பது.

மணி ஓய்வதற்குள் வாளிகள் சுவரைவிட்டுப் பறந்தன. பின்பக்கக் கிணற்றிலிருந்து முகப்பு வரை ஆட்கள் சங்கிலியாக நின்றுவிட்டார்கள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர், அவருக்குப் பின்னால் கத்தியை வாயில் கவ்விய முடிதிருத்துகிறவர், இடுப்பில் யார் குழந்தையோ ஒன்றோடு நர்ஸ். கைமாறிக் கைமாறித் தண்ணீர் வந்தது. வரிசையின் முனையில் தச்சர் நிறைவாளியோடு நின்றார்.

"எங்கேய்யா ஊத்தணும்?"

"ஊத்துய்யா முதல்ல! கேள்வி அப்புறம்!" என்று பின்னாலிருந்து அதட்டல்.

தச்சர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஃபாதர் அறை ஜன்னலில் வெள்ளையாகப் புகை. போதாதா? வீசினார் ஒரு வாளி. அடுத்து இன்னொன்று.

உள்ளேயிருந்து, டீக்கு வெந்நீர் வைத்திருந்த கெட்டிலைக் கையில் பிடித்தபடி ஃபாதர் வெளியே வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எனக்கு ஞானஸ்நானம் ஏற்கெனவே ஆயிடுச்சுப்பா" என்றார். "இப்போ சொல்லுங்க. எங்கே நெருப்பு?"

எல்லோரும் மணியக்காவைப் பார்த்தார்கள். மணியக்கா தையல்காரியைப் பார்த்தாள்.

ஏழு மாதம் மூடி வைத்ததை ஏழு நொடியில் திறக்க வேண்டியிருந்தது. அளவு நாடாவை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நெருப்பு இல்லைங்க. என் அத்தையைக் காணோம். அவங்களுக்கு... ஞாபகம் நிக்கிறதில்ல. வீட்டுக்கு வழி தெரியாது. கேட்டா பேருகூடச் சொல்லத் தெரியாது. நான்தான் கதவைத் தாழ் போடல. நான் யார்கிட்டயும் சொன்னதும் இல்ல..."

வரிசை நின்றது. வாளிகள் ஆங்காங்கே தரையில் இறங்கின.

"என்ன நின்னுட்டீங்க?" வரிசையின் நடுவிலிருந்து ஓர் அதட்டல். "தண்ணியைத் தள்ளுங்க! வீடு எரியுது, வேடிக்கை பாக்குறாங்க!"

தையல்காரிக்கு அந்தக் குரல் தெரியும்.

முடிதிருத்துகிறவருக்கும் ரொட்டிக்கடைக்காரருக்கும் நடுவில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரை ஈரத்தோடு நின்றிருந்தாள் அத்தை. கையில் ஒரு வாளி. உதட்டோரம் சர்க்கரைத் தூள்.

"இவங்களையா தேடுறீங்க?" முடிதிருத்துகிறவர் வாயிலிருந்து கத்தியை எடுத்தார். "எனக்கு வாளி கொடுத்துட்டே இருக்கிறது இவங்கதானே! என்னா வேகம்! நானே திணறிட்டேன்."

ரொட்டிக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "தப்பு என்மேலதாம்மா. கடையைச் சாத்திட்டு உள்ளே அடுப்பைப் பாத்துட்டிருந்தேன். அம்மா பின்கட்டு வழியா வந்தாங்க. வழக்கம்போல ஒரு பன்னைக் கொடுத்து உட்கார வச்சேன். தட்டை இறக்கிட்டுக் கொண்டுவந்து விடலாம்னு பாத்தா, மணி அடிச்சிருச்சு. விட்டுட்டு வர மனசில்ல, கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

"வழக்கம்போலவா?" தையல்காரி அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மெஷினை மிதிச்சா அக்கம்பக்கமே கேக்காதேம்மா" என்றார் அவர் சங்கடமாக. "கதவு தாழ் இல்லாம கிடந்த நாள்ல நாலஞ்சு தடவை வந்திருப்பாங்க. உங்க வீட்டு வாசல் நாற்காலியில உட்கார வச்சுட்டுச் சத்தம் போடாமப் போயிருவேன்."

"ஒரு தடவை நானும் கொண்டுவந்து விட்டேன்" என்றாள் நர்ஸ். சோப்பு நுரைக்காரர், "ரெண்டு தடவை நானு" என்றார்.

"அப்போ எல்லாருக்கும் தெரியுமா?"

"கடைசி பெஞ்சைத் தினம் துடைக்கிறவ நான்" என்றாள் மணியக்கா. "எனக்குத் தெரியாதா? நீயா சொல்லட்டும்னு இருந்தோம். நீதான் முடிவுப் பாட்டு ஆரம்பிச்சதுமே ஓடிடுறியே, எங்கே பேச?"

தையல்காரி வரிசைக்குள் புகுந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். ஈரம் இருவருக்கும் ஒட்டியது. அத்தை அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பெயர் வரவில்லை. ஆனால் கை தானாக உயர்ந்து, கலைந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டது.

"அழாதே. நெருப்பு அணைஞ்சிருச்சு" என்றாள்.

நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள் தையல்காரி. நாற்பது வாளிக்கும் சேர்த்து எப்படிச் சொல்வது? கிணற்றடிக்குப் போனாள். சிந்திக் கிடந்த தண்ணீரை நர்ஸோடு சேர்ந்து தள்ளினாள். ஃபாதரின் அங்கியில் கிழிந்திருந்த ஓரத்தைப் பார்த்துவிட்டு, காய்ந்தபின் கொடுத்தனுப்பச் சொன்னாள். அன்று மாலை நாத்தனாருக்கு அவளே போன் செய்தாள். "அத்தை இங்கேதான் இருப்பாங்க அண்ணி. பாத்துக்க நான் மட்டும் இல்ல, ஊரே இருக்கு" என்றாள்.

அடுத்த ஞாயிறு பக்கச் சுவரில் புதிதாக ஓர் ஆணி. தச்சர் அடித்தது. அதில் தொங்கிய வாளியில் நாற்பத்தொன்று என்று பெயின்ட் ஈரம் காயாமல் எழுதியிருந்தது. அன்று அவர்கள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முடிவுப் பாட்டு முடிந்தும் வெகு நேரம் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

அத்தைக்கு அன்றைய சம்பவம் எதுவும் நினைவில்லை. ஆனால் மணியென்றால் வாளி என்பது மட்டும் எப்படியோ மனதில் தங்கிவிட்டது. பூசை மணி அடித்தாலும் நாற்பத்தொன்றைக் கழற்றிக்கொண்டுதான் உள்ளே வருவாள். பெஞ்சில் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஃபாதர் மட்டும் கெட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துவிட்டார்.