இறக்கை நுனிக் கட்டை

எஸ்தர் மரச்சுத்தியால் தகட்டின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே வந்து, வளைவு முடிந்ததும் நிறுத்தி, வீட்டு ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள். உள்ளேயிருந்து ஜன்னல் கம்பியில் 'டங்' என்று ஒரே ஒரு தட்டு விழுந்தது. சரியில்லை என்று அர்த்தம்.

"சாகக் கெடக்கயிலயும் குத்தம் சொல்லணுமா இந்த மனுசனுக்கு!" என்று சத்தமாகவே சொன்னாள். அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவள் புருஷன் பங்கிராசுக்குத் தொண்டையில் புற்று. பேச்சு போய் மாசக்கணக்காகிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேனி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வந்ததும் கட்டிலை ஷெட்டைப் பார்த்த ஜன்னலோரம் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒரு ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு தட்டு என்றால் மறுபடி செய், இரண்டு என்றால் சரி.

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கிற மோட்டார்களைப் பழுது பார்த்துப் பிழைத்தவர். அவர் போய் இரண்டு பேர் உட்காருகிற விமானத்தைச் சொந்தமாகக் கட்ட ஆரம்பித்ததை ஊர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. எஸ்தரும் சிரித்தவள்தான். ஆனால் இறக்கைக்குள் விலா மாதிரி வரிசையாக நிற்கிற அலுமினிய ரிப்புகள் அத்தனையும் அவள் கையால் அடித்தவை.

அச்சுக்கட்டையை மட்டும் அவர் யாரையும் தொட விட்டதில்லை. இரண்டு கட்டைக்கு நடுவே தகட்டை வைத்து இறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைக் கட்டையின் பக்கத்தில் மடித்து அடிக்க வேண்டும். தகடு மடித்த இடத்தில் நிற்காது, கொஞ்சம் நிமிரும். அந்த நிமிர்வுக்காகக் கட்டையின் பக்கத்தை உள்ளே சாய்த்து இழைக்க வேண்டும். எவ்வளவு சாய்ப்பது என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும்.

இறக்கை நுனிக்கு ஒரே ஒரு ரிப் மிச்சம் இருந்தது. அவரால் எழ முடியவில்லை. கடைசிக் கட்டையை எஸ்தரே அறுத்து இழைத்தாள். தகடு கட்டையில் ஒட்டி உட்கார்ந்தால் சத்தம் 'தொம்'மென்று அடங்கி வரும். இடைவெளி இருந்தால் 'டொண்' என்று வெறுமையாகக் கேட்கும். படுத்தபடியே கண்டுபிடித்துவிடுவார்.

இந்த ஒரு கட்டைக்காவது அவர் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போக வேண்டும். அவரிடம் கேட்க அவளுக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

நாத்தனார் ஆரோக்கியம்மாள் ஷெட் வாசலில் வந்து நின்றாள். "ஏத்தா, சாமியாரு வந்து எண்ணெய் பூசிட்டுப் போயிட்டாக. மூச்சு மேல இழுக்குது. இங்கன நின்னு டொக்கு டொக்குன்னு அடிச்சுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கு? வந்து பக்கத்துல ஒக்காந்து செபம் சொல்லு."

"இதைக் கேக்கத்தான் மதினி அவுக மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்காக. நான் நிறுத்துனா அவுகளும் நிறுத்திருவாக."

"கிறுக்குப் பிடிச்சிருச்சு ஒனக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

எஸ்தர் கட்டையை அரத்தால் ராவினாள். புதுத் தகட்டை வைத்து கிளாம்பை முறுக்கினாள். அடிக்க அடிக்கக் கை அசந்துவிட்டது. கடைசி வளைவை ஏனோதானோவென்று அடித்து முடித்தாள். 'டொண்' என்று அவள் காதுக்கே கேட்டது. ஒரு தட்டு விழும் என்று நின்றாள். வெகுநேரம் ஒன்றும் விழவில்லை. உள்ளே சொல்லிக்கொண்டிருந்த 'சேசு மரி சூசை' செபம் நின்றது. பிறகு, டங். டங்.

"ஆத்தாடி!" என்று சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வந்தது. மனுஷர் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்! ஆசையாகத் தகட்டோரம் நகத்தை ஓட்டினாள். வளைவில் தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவே நகம் உள்ளே இறங்கியது.

இப்படி ஒரு தகட்டை அவர் உயிரோடு இருந்து சரியென்று சொல்ல மாட்டார்.

எஸ்தர் சுத்தியைக் கீழே வைத்தாள். பிறகு கிளாம்பைக் கழற்றி, அரத்தை எடுத்தாள். வீட்டுக்குள் ஆரோக்கியம்மாளின் அழுகை ஓங்கி எழுந்தது. எஸ்தர் ராவினாள். இன்னொரு தகட்டை இறுக்கி அடித்தாள்.

மகன் இமானுவேல் ஸ்பேனரோடு வந்து நின்றான். "அம்மா, நான்தாம்மா தட்டுனேன். அப்பதான் நீங்க வேலைய விட்டுட்டு உள்ள வருவீகன்னு..."

"தெரியும்டா. அந்தச் சத்தத்துக்கு உங்கப்பா ரெண்டு தட்ட மாட்டாக. கொஞ்சம் இரு." வளைவு முழுக்கத் தட்டிக்கொண்டே போனாள். "இப்பக் கேளு. சரியா இருக்கா?"

"எனக்குத் தெரியலயேம்மா" என்று அவன் உடைந்து அழுதான்.

அவள் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். எங்கேயும் இறங்கவில்லை.

கிளாம்பைக் கழற்றாமல் கட்டையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அழுதுகொண்டிருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். பங்கிராசின் காதோரம் கட்டையை வைத்து, வளைவில் மரச்சுத்தியால் ஒரு முறை தட்டினாள். தொம்.

பிறகு ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.