பெயர்ப் பட்டியல் இல்லாத கல்வெட்டு

கடந்த மாசி மாதத்து இரண்டாம் ஞாயிறு காலை, ஏரம்பு ஞாபகார்த்த வாசிகசாலையில் இருந்தவர்கள்: தலைவர் பிரதாபன், நூலகப் பொறுப்பாளர் நிலாந்தி, சுவரில் எழுத ஊர்காவற்றுறையிலிருந்து வந்த சில்வெஸ்ரர், என் தங்கை அம்பிகை, பரமலிங்கமாகிய நான். ஐந்து பேர். ஒருவரும் விடுபடவில்லை. புங்குடுதீவில் ஒரு பெயர் விடுபட்டால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏரம்பு என் தகப்பனார். கட்டடத்தைத் திருத்தி வெள்ளையடித்த பிறகு, ஏழு நூல்கள் எழுதியவன் என்ற முறையில் என்னிடம் ஒரு பட்டியல் கேட்டார்கள். ஐந்து வயது முதல் எண்பத்தைந்து வயது வரை எவரும் வாசிக்கக்கூடிய பத்துப் புத்தகங்கள். சில்வெஸ்ரர் அவற்றை என் பெயருடன் உட்சுவரில் எழுதுவார்.

ஒன்பது புத்தகங்களைப் பற்றிச் சண்டை இல்லை. நண்டுகள் கூட்டம் கூடும் ஒரு படக்கதை. முடிவில் புத்திமதி சொல்லாததால் சேர்த்தேன். கிணறு வெட்டுவோருக்கான ஒரு கைந்நூல். அதைவிடத் தெளிவான தமிழை நான் வாசித்ததில்லை. ஒரு கப்பற் சமையற்காரரின் நாட்குறிப்பு. இப்படி ஒன்பது. என்னுடைய நூல் ஒன்றும் இல்லை. தன் புத்தகத்தைத் தானே சிபாரிசு செய்யும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"தங்கச்சியின்ரை புத்தகத்தைச் சிபாரிசு செய்யிற பழக்கம் மட்டும் இருக்குதோ மாமா?" என்றார் பிரதாபன், பட்டியலின் முதலாவது வரியில் விரலை வைத்து.

அந்த வரி ஒரு கல்வெட்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருவோருக்குக் கொடுக்கும் நினைவு நூலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இறந்தவரின் வம்சம், புகழ்ப்பாக்கள், கடைசிப் பக்கங்களில் உறவினர் அத்தனை பேரின் பெயர்களும் அவர்கள் இருக்கும் நாடுகளும். அதுதான் முறை.

எட்டு வருடங்களுக்கு முன் என் மைத்துனர், அம்பிகையின் கணவர் மார்க்கண்டு காலமானபோது, முறைப்படி எழுத வேண்டியவன் நான். பதினாறு வெண்பா எழுதிக் கொடுத்தேன். அம்பிகை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"அண்ணை, இதிலை வாற மனிசனை எனக்குத் தெரியாது."

தானே எழுதினாள். வம்சம் இல்லை, பாக்கள் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. முப்பத்திரண்டு பக்கமும் மார்க்கண்டு பட்ட பாடுகள். அட்டையில் 'மார்க்கண்டுவும் ஒரு கோழியும்' என்று தலைப்பு. முப்பத்தோராம் நாள் பந்தியில் இருந்தவர்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டித் தங்கள் பெயரைத் தேடினார்கள். பாயசம் வருவதற்குள் மைத்துனர் பக்கத்து ஆட்கள் பாதிப்பேர் எழுந்து போனார்கள். அதன் பின் அவர்களில் ஒருவரும் அம்பிகையின் வாசற் படலையைத் திறக்கவில்லை. நானும் இரண்டு வருடம் போகவில்லை. என் காரணம் வெண்பா. மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. அலுமாரியை நகர்த்தியபோது அந்தப் புத்தகம் பின்னால் விழுந்து கிடந்தது. நின்ற நிலையிலேயே வாசித்து முடித்தேன்.

"செத்தவீட்டுப் புத்தகத்தை ஆரும் வாசிகசாலைச் சுவரிலை எழுதுவினமோ?" என்றார் பிரதாபன். இவர் மார்க்கண்டுவின் தம்பியின் மகன். "சின்னப்பிள்ளையள் வந்து போற இடம்."

"நிலாந்தி, ஆறாம் பக்கத்தை வாசியும்," என்றேன். என் பிரதியைக் கொண்டுபோயிருந்தேன்.

நிலாந்தி வாசித்தாள். மாத்தறைக் கடையிலிருந்து ஊருக்கு வரும் மார்க்கண்டு பஸ்ஸில் மடியில் ஒரு கோழியுடன் இருக்கிறார். கோழிக்கும் ரிக்கற் எடு என்கிறார் கொண்டக்ரர். வாக்குவாதம் முற்றும்போது கோழி மடியிலேயே முட்டையிடுகிறது. மார்க்கண்டு அந்த முட்டையை எடுத்துக் கொண்டக்ரரின் கையில் வைத்து, மிச்சக் காசு கேட்கிறார்.

சில்வெஸ்ரர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிரதாபன் சிரிக்கவில்லை.

"எல்லாம் சரி. எங்கடை அப்பான்ரை பேர் எங்கை? பிள்ளையில்லாத அண்ணனுக்குக் கொள்ளி வைச்ச மனிசன். அந்தப் பேரைத் தேடித் தேடியே அவரும் போய்ச் சேந்திட்டார்."

வாங்குப் பலகையின் ஓரத்தில் இருந்த அம்பிகை தலையை நிமிர்த்தினாள்.

"தம்பி, மூண்டாம் பக்கத்திலை ஒரு தேங்காய்ச் சொட்டுத் துண்டுக்கு அண்ணனோடை உருண்டு பிரண்டு அடிபடுறது ஆரெண்டு நினைச்சனீ? கொப்பர்தான், உன்ரை அப்பா. முப்பத்திரண்டு பக்கத்திலை ஒன்பது இடத்திலை வாறார். நீங்கள் ஒருதரும் வாசிக்கேல்லை. கடைசிப் பக்கத்தைத்தான் பாத்தனீங்கள்."

பிரதாபன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு யன்னலடிக்குப் போனார். மூன்றாம் பக்கத்தில் நெடுநேரம் நின்றார்.

"அடிபட்டது தேங்காய்ச் சொட்டுக்கில்லை. பனங்கிழங்குக்கு. அப்பா எனக்குச் சொன்னவர்."

"கொப்பர் பொய் சொன்னவர்," என்றாள் அம்பிகை.

அவர் மறுபடி முதலிலிருந்து புரட்டினார். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவில்லை. "எழுதுங்கோ. ஆனா கடைசியிலை."

"முதலாவதாக. இல்லையெண்டால் பத்தும் இல்லை," என்றேன். "வாசலிலை இருக்கிற என்ரை அப்பான்ரை பேரையும் கழட்டிக்கொண்டு போவன். தங்கச்சியைத் தலைகுனிய வைக்கிற கட்டடத்திலை அது இருக்கத் தேவையில்லை."

"ஐயா, அது கழட்டேலாது," என்றார் சில்வெஸ்ரர். "சீமெந்திலை வெட்டினது. நான்தான் வெட்டினனான்."

நிலாந்தி ஏணியை முதலாவது வரிக்கு நேரே நகர்த்தி வைத்தாள். பிரதாபன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் அசைத்தார். சில்வெஸ்ரர் ஏறினார்.

"என்ரை பேரும் போடவேணுமோ அண்ணை?" என்று கேட்டாள் அம்பிகை.

"போடவேணும்."

புத்தகத்தைப் பிரதாபன் வீட்டுக்குக் கொண்டுபோனார். பதினேழு நாள் கழித்து, தகப்பன் வரும் இரண்டு வரிகளின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, அம்பிகையின் படலையைத் திறந்து போய் அவள் கையிலேயே கொடுத்தார்.

இப்போது ஊரில் ஒரு கதை உலாவுகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அம்பிகைக்கு இப்படி எழுத வராதாம். நான்தான் எழுதி அவள் பெயரைப் போட்டேன் என்கிறார்கள். அது பொய். அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட என்னுடையது அல்ல. நான் எழுதியவை பதினாறு வெண்பா. அவை அச்சேறவில்லை.