விட்டுப்போன ஒரு நாள்

வேளாங்கண்ணி டீச்சர் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மடியில் மதிப்பெண் தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, மறைக்கல்வி வகுப்பில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஷிஜி சாக்பீஸோடு நின்றாள். இன்றைக்கு அவளுடைய மாதிரி வகுப்பு. டீச்சர் கையெழுத்துப் போட்டால் அவளும் மறைக்கல்வி ஆசிரியை. போடாவிட்டால் அடுத்த வருஷம்தான்.

முப்பத்தோரு வருஷமாகப் பாடம் நடத்துகிறவர், அதில் பாதிக் காலம் புதிய ஆசிரியர்களைப் பழக்கி எடுத்தவர், இப்படிப் பயந்துகொண்டு உட்கார்ந்ததே இல்லை. எல்லாம் அந்தச் சீட்டு செய்த வேலை. மாதிரி வகுப்புக்குப் பாடத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். ஷிஜி எடுத்த சீட்டில் 'இயேசு புயலை அடக்குகிறார்' என்று இருந்தது. ஒக்கிப் புயலில் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்த பெண்ணுக்கு அதுவா வர வேண்டும்? "வேற சீட்டு எடு மக்கா" என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார்.

"வேண்டாம் டீச்சர். இதே இருக்கட்டு" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள் பிடிவாதக்காரி.

அந்த டிசம்பரில் அவளுக்குப் பத்து வயது. டீச்சருடைய வகுப்பில் முதல் வரிசை. அப்பா மீன்பிடிக்கப் போன போட்டு திரும்பவில்லை என்று ஊரே கரையில் கிடந்த நாளில், "அப்பா வருவாரா டீச்சர்?" என்று வந்து கேட்டாள். டீச்சர் ஒரு பதில் சொன்னார். சொன்னது அவருக்கு மறக்கவில்லை. அவள் மறந்திருப்பாள் என்றுதான் எட்டு வருஷமாகத் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

வகுப்பு நன்றாகத்தான் போனது. கரும்பலகையில் படகு வரைந்தாள், அலை வரைந்தாள், படகின் பின்பக்கத்தில் தலைசாய்த்துத் தூங்கும் இயேசுவையும் வரைந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் ஒவ்வொரு கட்டத்திலும் தாராளமாக மதிப்பெண் போட்டார். மணியடிக்க இன்னும் பத்து நிமிஷம். தப்பித்துவிடலாம் போலிருந்தது.

மூன்றாம் வரிசையில் ஜெப்சி எழுந்தாள்.

"ஒக்கியில எனக்க மாமாவும் போனாரு. அன்னைக்கு எல்லாரும் ஜெபம் பண்ணினாவளாம். அப்போ ஏன் இயேசு புயல அடக்கல்ல டீச்சர்?"

பயிற்சியில் வேளாங்கண்ணி டீச்சர் அடித்துச் சொல்லும் விதி ஒன்று உண்டு. பிள்ளைகள் முன்னால் 'தெரியாது' என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் ஆள் அவுட்.

ஷிஜி சாக்பீஸை மேசையில் வைத்தாள். "எனக்குத் தெரியாது மக்களே" என்றாள்.

டீச்சர் அந்தக் கட்டத்தை மதிப்பெண் போடாமல் விட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுதேன். ஒங்க வயசுல எங்கிட்ட ஒரு ஆளு சொன்னாவ, தெனமும் ஜெபமாலை சொல்லு, ஒரு நாளும் விடாம சொல்லு, அப்பா வந்துருவாருன்னு. நானும் சொன்னேன். இருபத்தி மூணு நாளு. இருபத்தி நாலாம் நாளு காய்ச்சல்ல தூங்கிப் போயிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "மறுநாளுதான் எங்க போட்டுக்க ஒடஞ்ச பலகை கெடச்சுது. நான் தூங்குனதாலதான் அப்பா வரல்லன்னு நெனச்சேன். அம்மைகிட்டகூடச் சொன்னதில்ல."

ஒரு நாளும் விடாமல். அந்தச் சொல்லைச் சேர்த்தவர் டீச்சர்தான். பிள்ளை ஒழுங்காக ஜெபம் சொல்லட்டுமே என்கிற வாத்தியார் புத்தி. அப்பனுடைய சாவைத் தூக்கி ஒரு பத்து வயசுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் எத்தனை பேருக்கு 'பிள்ளைகளுக்கு நம்பிக்கை கொடுங்கள்' என்று பாடம் எடுத்திருக்கிறார்!

தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஷிஜி அவர் பெயரைச் சொல்லவில்லை, பின்பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. இன்னும் நாலு நிமிஷம் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முப்பத்தோரு வருஷத்து மரியாதையும் அப்படியே இருக்கும்.

நாற்காலி கிரீச்சிட்டது. முப்பது தலைகள் திரும்பின.

"அந்த ஆளு நாந்தான் மக்களே" என்றார் டீச்சர். "நான் சொன்னது தப்பு."

ஷிஜி அவரையே பார்த்தாள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு விடை தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்று சொன்ன வாயே அதை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் ஒரு நாளு விட்டதுனால இல்லல்லா டீச்சர்?"

தெரியாத எத்தனையோ கேள்விக்கு வாய் கூசாமல் விடை சொன்னவர் அவர். இதற்கு அவருக்கு விடை தெரியும்.

"இல்ல மக்கா. அதுனால இல்லவே இல்ல."

மணி அடித்தது. பிள்ளைகள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஷிஜி முதல் வரிசையில் அவர்களோடு உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.