பகல் தூக்கத்துக்கு ஒரு ஸ்கிரீன்

"தூங்கினீங்களா?"

"கண்ண மூடிக் கெடந்தேன்."

செல்லத்தாய் கம்பெனி விட்டு வந்ததும் கேட்பதும், ராமர் சட்டையை மாட்டிக்கொண்டே சொல்வதும் இதுதான். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங், பகல் ஷிப்ட். அவன் நிட்டிங் மிஷின் ஆபரேட்டர், ராத்திரி ஷிப்ட். மண்ணரைப் பகுதியில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையின் வாசலில், ஒருவர் வர ஒருவர் போகத்தான் பேச்சு.

"சூப்பர்வைசர் என்ன சொன்னாரு?"

"இன்னொரு வாட்டி மிஷின்கிட்ட கண் அசந்தா வீட்டுக்குப் போயிருன்னாரு. வீட்டுக்கு வந்தா மட்டும் தூக்கம் வருதாக்கும்."

கேடு சன்னலில் இருந்தது. கிழக்குப் பார்த்த சன்னல். ராமர் பாயை விரிக்கும் நேரத்துக்கு வெயிலும் வந்து பாயில் படுக்கும். கண்ணாடிக் கதவில் பேப்பர் ஒட்டிச் சாத்தினால் புழுங்கியது. கரண்ட் வேறு நினைத்தபோதெல்லாம் போனது. கம்பிக்கு மேல் கொசுவலை அடித்திருந்ததால் சேலையைக் கட்டவும் வழியில்லை. ராடு போட்டுக் கனமான ஸ்கிரீன்தான் தொங்கவிட வேண்டும். அதற்குச் சுவரில் ஓட்டை போட வேண்டும். ஓட்டைக்கு வீட்டுக்காரம்மாவைக் கேட்க வேண்டும்.

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தானுங்களே ஊடு உட்டேன்," என்றார் சாரதாமணி.

"அவரு தூங்கலைன்னா வேலை போயிரும்க்கா."

"முன்ன இருந்தவரும் இப்படித்தானுங்க. டீவிக்குப் பலகை அடிக்கறேன்னு பூச்சையே பேத்து வெச்சுட்டுப் போனாரு."

"ரெண்டே ஓட்டைக்கா."

"ரெண்டோட நிக்கோணும் கண்ணு."

துணி காதர்பேட்டையில் எடுத்தாள். ஏதோ கம்பெனி வேண்டாமென்று தள்ளிய கருப்புத் துணி. உள்பக்கம் பஞ்சாக, குளிருக்குப் போடும் சட்டைக்கு மிஷினில் ஓட்டிய கனத்த பனியன் துணி. ராமர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஊசிக்கோடு விழுந்திருக்கு."

"எங்க?"

"இந்தா, நெடுக. எவனோ தூங்கிக்கிட்டே ஓட்டியிருக்கான்."

"அவன் தூங்கிக் கெடுத்ததுல நீங்க தூங்குங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவன் நேராக ஸ்டூலில் ஏறினான்.

"ஒரு தூக்கம் போட்டுட்டுச் செய்யலாம்ல?"

"தூங்கத்தான ராடே போடுறேன்."

இரவல் வாங்கிய டிரில் ஒரு ஓட்டை போட்டதும் கரண்ட் போயிற்று. இரண்டாவதைச் சுத்தியலும் உளியுமாக அவன் தட்டி முடிக்கும்வரை செல்லத்தாய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரையை மாட்டி இழுத்துவிட்டதும் அறை இருண்டது. சன்னல் திண்டுக்கு நாலு விரல் கீழே, அளவாக நின்றது.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்தபோது அவனைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அவளுக்கு வயிறு நிறைந்தாற்போல் இருந்தது.

புதன்கிழமை திரை ஒரு சாண் இறங்கியிருந்தது. பனியன் துணி தன் பாரத்துக்கே நீளும். சன்னலுக்குக் கீழேதான் அடுப்பு மேடை. தீ பிடித்துவிடுமே என்று, குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு நின்றவாக்கில் கத்தரியால் வெட்டினாள். வெள்ளிக்கிழமை மறுபடி இறங்கியது. மறுபடி வெட்டினாள். அதற்குள் துணியில் தாளிப்பு வாடை ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை துவைத்து, மொட்டைமாடியில் விரித்துக் காயப்போட்டு எடுத்து மாட்டினாள்.

துவைத்ததில் துணி சுருங்கி, திரை சன்னலில் முக்கால்வாசிதான் வந்தது. இனிக் காலை வெயில் கீழே விட்ட இடைவெளி வழியாக, ராமர் தலை வைக்கும் இடத்தில்தான் விழும்.

அவன் பாயில் உட்கார்ந்து அந்த இடைவெளியைப் பார்த்தான்.

"நீ கம்பெனியில என்ன செக்ஷன்?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதீங்க."

"சும்மா சொல்லு."

"செக்கிங்."

"அளவு எப்பப் பாப்பீங்க?"

"துவைச்சு எடுத்தப்புறம்."

"ஸ்கிரீனை எப்ப வெட்டுன?"

செல்லத்தாய் திரையின் நுனியை இழுத்துப் பார்த்தாள். "நாள் முச்சூடும் அந்த வேலைதான் பாக்கேன். வீட்டுக்கு வந்தா மண்டையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. நீங்களுந்தான் நிட்டிங்காரரு. துணி இறங்கும்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"நான் தூங்கிட்டிருந்தேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

திங்கட்கிழமை அவன் தூங்கவில்லை. அன்று ராத்திரி மிஷின் அருகே உட்காராமல், கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டே நின்று ஓட்டிவிட்டு வந்தான். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ராடை இறக்கினான்.

"இன்னிக்கும் தூங்கலைன்னா ராத்திரி விழுந்துருவேன். ராடை ஒரு முழம் கீழ இறக்கிருவோம். மேல வர்ற வெளிச்சம் எதிர்ச் சுவத்துலதான் விழும்."

"அக்கா என்ன சொல்லுமோ."

"கேட்டுட்டு இருக்க நேரமில்ல."

கரண்ட் இல்லை. உளியை வைத்துத் தட்டத் தட்டப் பூச்சு உதிர்ந்து அடுப்பு மேடையில் கொட்டியது. இரண்டு ஓட்டையையும் எப்படியோ போட்டுவிட்டுக் கீழே இறங்கி எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அந்த ஸ்க்ரூவ எடு."

அவள் தேடி எடுத்துத் திரும்பியபோது உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். வெயில் நேராக முகத்தில் அடித்தது. இமைகள் துடித்தன, இன்னும் ஒரு நொடியில் விழித்துவிடுவான். செல்லத்தாய் திரையோடு ராடைத் தூக்கி, சன்னலை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். துடிப்பு அடங்கியது.

கம்பெனிச் சங்கு ஊதியது. அவள் போகவில்லை.

"ஏனுங்க, காலங்காத்தால சொவத்துல என்ன சத்த…" என்று வந்த சாரதாமணி வாசலில் நின்றுவிட்டார்.

"மெதுவாக்கா."

சாரதாமணி உதிர்ந்த பூச்சைப் பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தார். வாயைத் திறந்தபடி கிடந்த ராமரைப் பார்த்தார். பேச்சு தணிந்து வந்தது.

"வேலைக்குப் போகலீங்களா?"

"இவரு முழிக்கட்டும்க்கா."

"அதுவரைக்கும் இப்படியேவா நிப்பீங்க? உச்சி வரைக்கும் இந்தப் பக்கம் வெயிலு போகாதுங்க கண்ணு."

"தெரியும்க்கா."

"கை என்னத்துக்காகும்?"

செல்லத்தாய் ராடை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

"சாயங்காலமாப் பேசிக்கலாங்க," என்றார் சாரதாமணி. வெளியே போனவர், தாழ்ப்பாள் சத்தம் வராமல் கதவை மெல்ல இழுத்துச் சாத்தினார். வாசல் வழியாக வந்துகொண்டிருந்த வெளிச்சமும் நின்றது.

இருட்டில் ராமரின் குறட்டை தொடங்கியது. செல்லத்தாய் ராடின் ஒரு முனையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.