இரண்டாம் எண் செய்தி

என்ஜின் இருமத் தொடங்கியதும் லினெட் கார்மடி அதிகம் யோசிக்கவில்லை. கீழே காய்ந்த ஏரித்தரை ஒன்று வெளேரென்று கிடந்தது. தன் சின்ன செஸ்னா விமானத்தை அதில் இறக்கி நிறுத்தினாள். ஒரு கீறல் விழவில்லை. பின்னால் காற்றாடி பம்புக்கான சாமான்கள் இருந்தன. பக்கத்து இருக்கையில் அவற்றை ஒரு பண்ணையில் மாட்டப் போகிற மெர்வ் டாகெட். அறுபத்து மூன்று வயது, ஓயாத வாய்.

“பஞ்சு மாதிரி எறக்கிட்டே பொண்ணே. ஆனா பண்ணை இன்னும் நூத்தம்பது கிலோமீட்டர் இருக்கே?”

“பேசாம எறங்குங்க மெர்வ்.”

ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தாள். தரையிலிருந்து யாருக்கும் எட்டவில்லை. எட்டாது என்று தெரிந்துதான் கம்பெனியில் ஓர் ஆரஞ்சு டப்பாவைக் கொடுத்திருந்தார்கள். உள்ளங்கை அளவுதான். விமானம் எங்கே இருக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை செயற்கைக்கோள் வழியாக அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே எழுதிவைத்த மூன்று செய்திகளை ஒரே அழுத்தில் அனுப்பலாம். இரண்டாம் எண் அவளே எழுதிவைத்தது: “வழியில் இறங்கிவிட்டேன். ஆபத்தில்லை. மெக்கானிக் வேண்டும்.” அதை அனுப்பிவிட்டு இறக்கையின் நிழலில் உட்கார்ந்தாள். அப்போது மணி பத்து.

நாற்பது நிமிடம் கழித்து டப்பா கிணுகிணுத்தது.

“ரொம்ப நல்லது. நாளைக்குப் பார்க்கலாம். டரெல்.”

“நாளைக்காமா?” என்றார் மெர்வ். “நல்ல கம்பெனிம்மா உன்னுது.”

லினெட் இரண்டு முறை படித்தாள். பிறகுதான் உறைத்தது. போன வாரம் டரெல் அலுவலகக் கணினியில் உட்கார்ந்து, எல்லா விமானிகளின் செய்திகளையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னான். டப்பாக்களிலும் மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. டப்பாவிலிருந்து போவது எண் மட்டும்தான். அவளுடைய இரண்டாம் எண் அங்கே போய்ச் சேர்ந்தபோது, ‘பண்ணைக்கு வந்துவிட்டேன், இரவு தங்குகிறேன்’ என்று ஆகியிருந்தது.

“வரைபடத்துல புள்ளி தெரியும். பண்ணை எங்க இருக்கு, நான் எங்க இருக்கேன்! ஒரு தடவை பாத்தா என்னவாம் அந்த மடையனுக்கு?”

டப்பாவோடு இணைத்த போனிலிருந்து தட்டினால் சீக்கிரம் எழுதலாம். ஆனால் நாற்பத்து நான்கு டிகிரி வெயிலில் போன், சூடு ஆறட்டும் என்று ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அணைந்துவிட்டது. டப்பாவில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கினாள். விரல் வழுக்கிப் பாதி வாக்கியம் அழிந்தது. கெட்ட வார்த்தை ஒன்றை உரக்கச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ‘பண்ணையில் இல்லை. ஏரித்தரையில். என்ஜின் கோளாறு. ஆள் அனுப்பு.’ ஒரு மேகம்கூட இல்லாத அவ்வளவு பெரிய வானத்தின் கீழே, ‘அனுப்புகிறது, அனுப்புகிறது’ என்று கால் மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு அது போனது.

பதில் இல்லை. பன்னிரண்டு மணி ஆயிற்று. டரெல் சாப்பிடப் போயிருப்பான்.

அதற்குள் மெர்வ் என்ஜின் மூடியைக் கழற்றி உள்ளே தலையை விட்டிருந்தார்.

“நிழலுக்கு வாங்க. தண்ணி குடிங்க.”

“நாப்பது வருஷமா இந்த வெயில்லதான் காத்தாடி மேல ஏறி எறங்குறேன். நீ உன் பொம்மையோட வெளையாடு.”

டப்பாவின் பக்கவாட்டில் சிவப்பு மூடி ஒன்று இருந்தது. அதன் கீழேதான் ஆபத்துப் பொத்தான். அவள் கண் அதன்மேல் போனதை மெர்வ் பார்த்துவிட்டார்.

“அத அழுத்தினா பாதி நாடு கெளம்பி வந்துரும். டிவில உன் மூஞ்சியப் போடுவான்.”

லினெட் கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு வருடம் முன்பு ஒரு புது விமானி டயர் வெடித்ததற்கு அதை அழுத்தினான். ஆறு மாதம் அவனை ‘டயர் பாப்பா’ என்று கூப்பிட்டுச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

இரண்டு மணி தாண்டி மெர்வ் தள்ளாடியபடி வந்து சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஜாய்ஸ், டீ போட்டியா?”

வழக்கமான கேலி என்று நினைத்தாள். ஜாய்ஸ் அவர் மனைவி. இறந்து எட்டு வருடம். அவர் முகத்தைப் பார்த்தாள். செக்கச்செவேலென்று இருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை.

“மெர்வ்! என்னப் பாருங்க. நான் யாரு?”

“கெட்டிலு கொதிக்குது ஜாய்ஸ்.”

சிவப்பு மூடியைப் பிய்த்து எறிந்து பொத்தானை அழுத்தினாள். இரண்டே நிமிடத்தில் மீட்பு மையத்திலிருந்து பதில் வந்தது: “என்ன ஆபத்து?” ‘வெயில் தாக்கி ஆள் பிதற்றுகிறார்’ என்பதைப் பொறுக்கி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. மிச்சத் தண்ணீர் முழுவதையும் அவர் தலையிலும் மார்பிலும் ஊற்றினாள். வரைபடத் தாளை மடித்து விசிறினாள்.

ஐம்பது நிமிடத்தில் ஹெலிகாப்டர் வந்தது. பக்கத்துப் பண்ணையில் மேய்கிற மாடுகளை மேலிருந்து விரட்டி மடக்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர்தான். அரைக்கால் சட்டையும் கையில் ஐஸ் பெட்டியுமாக விமானி குதித்து ஓடிவந்தான். டரெலின் பதில் அதற்கும் பிறகுதான் வந்தது: “அப்போ பண்ணையில இல்லையா நீ?”

மறுநாள் அலுவலகத்தில் அவன், “கணினியில வந்ததத்தான் நான் படிச்சேன், லின்” என்றான்.

“புள்ளியப் பாத்தியா?”

“செய்தி தெளிவா இருந்துச்சே, எதுக்குப் பாக்கணும்?”

அவனை அறையாமல் வெளியே வருவதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மெர்வ் கையில் சலைன் ஊசி குத்தியிருந்தது. மடியில் தொடாத சாப்பாட்டுத் தட்டு.

“எப்ப அழுத்தினே?”

“ரெண்டே கால்.”

“எப்ப அழுத்தணும்னு தோணுச்சு?”

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். “பன்னெண்டுக்கு.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பன்னெண்டுக்கு அழுத்தியிருந்தா, ஊரெல்லாம் உன்னச் சொல்லிச் சிரிச்சிருப்பேன்.”

“தெரியும். அதான் அழுத்தல.”

மெர்வ் தட்டை அவள் பக்கம் தள்ளினார். அவளும் மறுக்காமல், ஆறிப்போன உருளைக்கிழங்கை ஸ்பூனால் குத்திச் சாப்பிடத் தொடங்கினாள்.