கூமாலண்ட பதினொருவர்

காலை ஒன்பதரைக்குக் குஷாலப்பா பெங்களூரிலிருந்து போன் செய்து, முழங்கால் வீங்கிவிட்டது, வர முடியாது என்றான். "சரி, உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பொன்னப்பா மைதானத்து ஓரப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். பத்து மணிக்குள் பட்டியலைக் கொடுக்க வேண்டும். குடும்ப ஹாக்கியில் ஒரே குடும்பப் பெயருள்ள பதினோரு பேர் இருந்தால்தான் அணி. கையிலிருந்த தாளில் இப்போது பத்துப் பேர். கோல் காக்கப்போகும் அறுபத்து நாலு வயதுக் கிழவர் அவரேதான். கல்யாணமாகிப் போன பெண் பிறந்த வீட்டுக்கு ஆடலாம் என்பதால் மகள் முத்தவ்வாவும் பட்டியலில் உண்டு. கூமாலண்ட என்ற அவர்கள் குடும்பப் பெயர் இந்தப் போட்டி மைக்கில் ஒலித்துப் பதினாலு வருஷமாயிற்று. கண்ணை மூடுவதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று மாதமாக இந்த அலைச்சல்.

அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லாத காலமும் இருந்தது. நாபோக்லு சந்தையில் "கூமாலண்ட" என்று குரல் கொடுத்தால், பன்றிக்கறி வாங்க நிற்பவர்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் மூன்று கூமாலண்ட பொன்னப்பாக்கள். வாத்தியார் பார்த்தார், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுவிட்டார். இவர் மூன்றாம் பொன்னப்பா. முன்னவர்கள் இருவரும் 'உள்ளேன் ஐயா' சொன்ன பிறகுதான் இவர் வாயைத் திறக்கலாம். அந்த மூன்றை அவர் எவ்வளவு வெறுத்தார்! பெயர் கூடச் சொந்தமில்லையே என்று அழுததும் உண்டு. புத்தரி அறுவடைத் திருநாளுக்குப் பெரிய வீட்டில் நாலு பந்தி நடக்கும். கடைசிப் பந்திக்குக் கடம்புட்டு அரிசி உருண்டை ஒன்றுகூட மிஞ்சாது.

பிறகு ஒரு வீட்டில் எல்லாம் பெண்ணாகப் பிறந்தன. இன்னொரு வீட்டில் அண்ணன் தம்பி இருவருமே கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டார்கள். பட்டாளத்துக்குப் போன ஒருவன் திரும்பவில்லை. ஒன்றாம் பொன்னப்பாவும் இரண்டாம் பொன்னப்பாவும் ஒரே மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்கள். போன புத்தரிக்கு ஒரே பந்திதான், அதிலும் இலை மிச்சம்.

மைதானத்தின் அந்தப் பக்கம் சம்பந்தி வீட்டு மண்ணேரண்ட கூட்டம் ஜே ஜே என்று இருந்தது. ஆட இடம் கேட்டு அங்கே பையன்களுக்குள் சண்டை. முத்தவ்வாவின் இரண்டாவது மகள் தேஷ்மா கல்லூரி அணியில் ஆடுகிறவள். அவளும் இடம் கிடைக்காமல் வேலியோரம் நின்றாள்.

முத்தவ்வா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, தேஷ்மா சும்மாதான நிக்கிறா. என் மாமனார்கிட்ட போய்க் கேளுங்க."

"எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுக் கேக்குறது?"

"இருக்குற மூஞ்சியத்தான்."

அழியப்போகும் பெயருக்கு மகள் வயிற்றுப் பிள்ளை ஒன்றை விட்டுக்கொடுப்பது பழைய வழக்கம். பிள்ளையின் தந்தை வீட்டுப் பெரியவர் அதை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தேஷ்மா பிறந்தபோது சம்பந்தி சோமய்யா தானாகவே வீடு தேடி வந்து, "இந்தக் கொழந்தைய உங்க பேருக்கு எழுதிக்கலாம்" என்றார். அன்று கூமாலண்ட வீட்டில் பதினெட்டு ஆண்கள். பொன்னப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "எங்க பேரு இன்னும் பிச்சையெடுக்குற நெலமைக்கு வரல" என்று சொல்லிவிட்டார். சோமய்யா காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். அதன் பிறகு விசேஷங்களில் இருவரும் ஒரு தலையசைப்போடு சரி.

பத்துக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. பொன்னப்பா காலில் கட்டிய தடுப்புகளோடு தத்தித் தத்தி மைதானத்தைக் கடந்தார். மண்ணேரண்ட கூட்டம் பேச்சை நிறுத்தியது.

"சம்பந்தி, அன்னைக்கு நான் பேசுனது தப்பு."

"என்னைக்கு?" என்றார் சோமய்யா, தெரியாதவர் போல.

"தேஷ்மா பொறந்தப்போ."

"ஓ, அந்தக் காப்பியா? அது ஆறிப்போயி பத்தொம்பது வருஷம் ஆச்சே."

"பேரு தீந்துபோயிட்டிருக்கு. புள்ளையக் குடுங்க." அத்தனை பேர் முன்னால் அவருக்கு வெட்கமாக இருந்தது.

சோமய்யா தன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "இதுல பாதிப் பசங்க பேரு எனக்கே தெரியாது, பொன்னப்பா. தெரிஞ்ச ஒருத்தியப் பாத்துக் கேக்குறியே. மொதல்ல அவளக் கேட்டியா?"

தேஷ்மா மட்டையோடு தாத்தாவின் அருகே வந்து நின்றிருந்தாள். "போன வருஷமே கேட்டிருக்கலாம், அஜ்ஜய்யா. ரெண்டு வருஷமா வேலியப் புடிச்சுகிட்டு நிக்கிறேன்."

"நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்றார் பொன்னப்பா.

"ஆனா என்ன? அம்மா வரலையா?"

சோமய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னையிலேர்ந்து இவ கூமாலண்ட. புத்தரிக்கு வெளக்கு முன்னாடி மொறையாச் சொல்லிடுவோம்." பிறகு பொன்னப்பாவிடம், "ஆட்டம் முடிஞ்சதும் காப்பி வாங்கிக் குடு. சூடா" என்றார்.

பதினோரு பேரும் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். மைக் கரகரத்தது. கூமாலண்ட முத்தவ்வா. கூமாலண்ட தேஷ்மா. ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் ஓரடி முன்னால் வந்து கையை உயர்த்தினார். பொன்னப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"கூமாலண்ட பொன்னப்பா."

அவர் அசையவில்லை. மைக் மறுபடி அழைத்தது. தேஷ்மா வரிசையிலிருந்து எட்டி, "அஜ்ஜய்யா, உங்களத்தான்" என்றாள்.

"இரு" என்றார் அவர். "அவங்க ரெண்டு பேரும் மொதல்ல சொல்லட்டும்."